வாட்ச்டாக் டிரைவரில் டைம்அவுட் சோதனையைச் சரிசெய்வது எப்படி: லினக்ஸ் கெர்னலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலில் முதல் பேட்ச் (நிரலில் செய்து அனுப்பும் திருத்தம்) போட எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் வாட்ச்டாக் டிரைவர்கள் இருக்கும் கோப்பகத்தைத்தான் காட்டுவேன். அங்கே பெரும்பாலான டிரைவர்கள் சில நூறு வரிகளுக்குள் முடிந்துவிடும். உட்கார்ந்து முழுசாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவு. ஆனால் அந்தச் சில நூறு வரிகளில் ஒரு எண் தப்பாக இருந்தாலும், எங்கோ ஒரு கம்பத்தின் மேலே பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் போர்டு காரணமே இல்லாமல் ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும். அல்லது உறைந்துபோன பிறகும் ரீபூட் ஆகாமல் கிடக்கும். யாராவது நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

வாட்ச்டாக் என்பது சிப்புக்குள் இருக்கும் ஒரு கவுன்டர். அது பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். சாஃப்ட்வேர் அவ்வப்போது பிங் செய்து அதை மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்ப ஆள் இல்லாமல் பூஜ்யத்தைத் தொட்டால் போர்டு ரீசெட். எவ்வளவு நேரத்துக்கு நிரப்புகிறோமோ அதுதான் டைம்அவுட். பயனர் நிரல் "எனக்கு 60 வினாடி வேண்டும்" என்று கேட்கும்போது, அந்த எண்ணை ஹார்டுவேர் தாங்குமா என்று பார்ப்பதைத்தான் இங்கே டைம்அவுட் சோதனை என்கிறேன்.

இதில் பிழை இரண்டு விதமாக வரும். தாங்காத எண்ணை டிரைவர் ஏற்றுக்கொண்டு, ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்ணை எழுதும் இடம்) எழுதும்போது மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு வேறு ஏதோ எண் போய் உட்காரும். இது ஆபத்து. அல்லது சமாளித்திருக்கக்கூடிய எண்ணையே டிரைவர் மறுத்துவிடும். இது எரிச்சல். ராஸ்பெரி பையின் வாட்ச்டாக் டிரைவரை வைத்து இரண்டையும் பார்க்கலாம். பலர் வீட்டில் இருக்கும் போர்டு, கணக்கும் எளிது.

படி 1: எடிட்டரைத் திறக்கும் முன் கணக்கைப் போடுங்கள்

சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கவுன்டர் எத்தனை பிட்? ஒரு வினாடிக்கு எத்தனை டிக் (கவுன்டர் ஒரு எண் இறங்குவது ஒரு டிக்)? ரெஜிஸ்டரில் எழுதுவது டிக் எண்ணிக்கையா, வினாடியா, நிமிடமா, அல்லது ஏதாவது அட்டவணையின் வரிசை எண்ணா? டேட்டாஷீட் கிடைக்காவிட்டால் டிரைவரின் தலைப்பகுதியில் இருக்கும் மேக்ரோக்களே பெரும்பாலும் இதைச் சொல்லிவிடும்.

2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையில் இருப்பது பிராட்காமின் 2835 சிப். அதன் வாட்ச்டாக் கவுன்டர் 20 பிட். டிரைவர் வினாடியை டிக்காக மாற்ற, எண்ணை இடப்பக்கம் 16 பிட் தள்ளுகிறது. அதாவது வினாடிக்கு 65536 டிக். 20 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 1048575. வகுத்துப் பார்த்தால் 15.99 வினாடி. முழு வினாடியில் சொன்னால் 15. இந்தச் சிப்பால் இதற்கு மேல் ஒரே மூச்சில் எண்ண முடியாது.

இன்னொரு கணக்கையும் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வகைப் பிழை கண்ணில் படவே படாது. கவுன்டர் 32 பிட், கடிகாரம் 24 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். டிரைவர் டைம்அவுட்டைக் கடிகார வேகத்தால் பெருக்கி ரெஜிஸ்டரில் எழுதுகிறது. 178 வினாடி வரை எல்லாம் சரி. 179 கேட்டால் பெருக்குத்தொகை 4296000000. 32 பிட்டின் உச்சம் 4294967295. எண் சுற்றிக்கொண்டு திரும்பி வர, மிஞ்சுவது 1032704 டிக். நேரத்தில் சொன்னால் 43 மில்லிவினாடி. ஏறக்குறைய மூன்று நிமிடம் கேட்டவருக்கு, கண் இமைக்கும் நேரத்துக்குள் ரீசெட். கம்பைலர் இதற்கு வாயே திறக்காது.

படி 2: கோர் ஏற்கெனவே என்ன செய்கிறது என்று படியுங்கள்

பழைய வாட்ச்டாக் டிரைவர்கள் தனித்தனியாகத் தங்கள் சோதனையை எழுதிக்கொண்டிருந்தன. இப்போது வாட்ச்டாக் கோர் என்ற பொதுப்பகுதி அதைச் செய்கிறது. டிரைவர் ஒரு ஸ்ட்ரக்சரை நிரப்பிக் கொடுத்தால் போதும். அதில் நமக்கு முக்கியமான புலங்கள் நான்கு: இப்போதைய டைம்அவுட், குறைந்தபட்ச டைம்அவுட், அதிகபட்ச டைம்அவுட், அப்புறம் ஹார்டுவேர் ஹார்ட்பீட் உச்சம் (ஹார்டுவேர் ஒரே மூச்சில் எண்ணக்கூடிய அதிகபட்ச நேரம்). முதல் மூன்றும் வினாடியில், கடைசியானது மில்லிவினாடியில். இந்த அலகு வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பயனர் ஒரு எண்ணைக் கேட்டால் கோர் மூன்று சந்தர்ப்பங்களில் மறுக்கும். எண் 4294967க்கு மேல் இருந்தால். உள்ளே எல்லாக் கணக்கும் மில்லிவினாடியில் நடப்பதால், 1000ஆல் பெருக்கினால் 32 பிட்டைத் தாண்டிவிடும். எண் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால். ஹார்டுவேர் ஹார்ட்பீட் உச்சம் கொடுக்கப்படாமல், அதிகபட்ச டைம்அவுட் மட்டும் கொடுக்கப்பட்டு, எண் அதைத் தாண்டினால். மறுக்கும்போது பயனருக்குப் போவது 'தவறான ஆர்க்யுமென்ட்' என்ற பிழை, எண் 22.

மூன்றாவது நிபந்தனையை இரண்டு தடவை படியுங்கள். ஹார்ட்பீட் உச்சத்தைக் கொடுத்துவிட்டால், அதிகபட்ச டைம்அவுட் கணக்கிலேயே வராது. இரண்டையும் நிரப்பிவிட்டு 'டபுள் பாதுகாப்பு' என்று நினைக்கும் டிரைவரில் ஒரு பாதுகாப்பு சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: டிரைவரில் எங்கே பார்ப்பது

புரோப் ஃபங்ஷனிலிருந்து (சாதனத்தைக் கண்டதும் கெர்னல் கூப்பிடும் டிரைவரின் தொடக்கப் பகுதி) தொடங்குங்கள். குறைந்தபட்சம் நிரப்பப்பட்டிருக்கிறதா? விட்டிருந்தால் அது பூஜ்யம். அப்போது பயனர் 0 வினாடி கேட்டாலும் கோர் தலையாட்டிவிடும். பூஜ்யத்தை ரெஜிஸ்டரில் எழுதினால் சில சிப்புகள் உடனே ரீசெட் ஆகும், சில வாட்ச்டாக்கையே நிறுத்திவிடும். இரண்டும் பயனர் கேட்டதில்லை. பெரும்பாலான டிரைவர்களுக்கு இங்கே 1 போதும்.

அடுத்து வரிசை. மாட்யூல் பாராமீட்டரையும் (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் மதிப்பு) டிவைஸ் ட்ரீயில் (போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் தரவு) உள்ள வினாடி மதிப்பையும் படித்து ஆரம்ப டைம்அவுட்டைத் தீர்மானிக்க, கோரில் ஒரு இனிட் ஃபங்ஷன் இருக்கிறது. அது அந்த நேரத்தில் ஸ்ட்ரக்சரில் இருக்கும் எல்லைகளை வைத்துத்தான் சோதிக்கும். எல்லைகளை நிரப்பும் முன்பே அதைக் கூப்பிட்டால் எந்த எண்ணும் தேறிவிடும். இரண்டு வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்துபோகும் பிழை இது. முதல் பேட்சுக்கு அருமையான இடம்.

அதே ஃபங்ஷனில் இன்னொரு சிக்கல். அது முதலில் மாட்யூல் பாராமீட்டரைப் பார்க்கும். பூஜ்யமாக இல்லாமல், எல்லைக்குள் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். பாராமீட்டர் இல்லாவிட்டாலோ எல்லைக்கு வெளியே இருந்தாலோதான் டிவைஸ் ட்ரீக்குப் போகும். அதுவும் இல்லாவிட்டால் டிரைவர் முன்கூட்டியே வைத்த இயல்பு மதிப்பு. ஆனால் சில டிரைவர்களில் மாட்யூல் பாராமீட்டரின் ஆரம்ப மதிப்பையே 60 என்றோ 30 என்றோ எழுதியிருப்பார்கள். அப்படிச் செய்தால் பாராமீட்டர் எப்போதுமே பூஜ்யமாக இருக்காது, டிவைஸ் ட்ரீயில் போர்டு தயாரித்தவர் எழுதிய எண்ணை யாரும் பார்க்கவே மாட்டார்கள். சரியான முறை: பாராமீட்டரின் ஆரம்ப மதிப்பு 0, இயல்பு மதிப்பு ஸ்ட்ரக்சரின் டைம்அவுட் புலத்தில்.

இந்த ஃபங்ஷன் பிழை திருப்பினால் புரோபையே தோல்வியாக்கிவிட வேண்டாம். யாரோ கெர்னல் கட்டளை வரியில் தப்பான எண் போட்டார் என்பதற்காகப் போர்டு வாட்ச்டாக்கே இல்லாமல் ஓடுவதைவிட, இயல்பு மதிப்போடு ஓடுவது எவ்வளவோ மேல்.

கடைசியாக, டைம்அவுட்டை மாற்றும் கால்பேக் (கோர் கூப்பிடும் டிரைவர் ஃபங்ஷன்). அதற்குள் டிரைவர் தனியாக ஒரு எல்லைச் சோதனை வைத்திருந்தால் பெரும்பாலும் அது பழைய காலத்து மிச்சம். எல்லைகள் ஸ்ட்ரக்சரில் சரியாக இருந்தால் அதை எடுத்துவிடலாம். ஒரே எல்லையை இரண்டு இடத்தில் எழுதினால் என்றாவது ஒரு நாள் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள்.

அதே கால்பேக்கில் இன்னொன்றையும் பாருங்கள். ஹார்டுவேர் உண்மையில் எந்த நேரத்துக்கு நிரப்பப்பட்டதோ அந்த எண்ணை டைம்அவுட் புலத்தில் திருப்பி எழுத வேண்டும். டிசைன்வேர் என்ற வகை வாட்ச்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான அமைப்பில் 16 தேர்வுகள்தான்: 2இன் 16ஆம் அடுக்கிலிருந்து 31ஆம் அடுக்கு வரையிலான டிக்குகள். 50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 30ஆம் அடுக்கு சுமார் 21 வினாடி, 31ஆம் அடுக்கு சுமார் 43 வினாடி. நடுவில் ஒன்றும் இல்லை. 30 வினாடி கேட்பவருக்கு அடுத்த பெரியதைத்தான் கொடுக்க முடியும். அதில் தவறில்லை, ஆனால் கொடுத்தது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

படி 4: மறுப்பதா, சமாளிப்பதா

இப்போது ராஸ்பெரி பைக்கு வருவோம். பல வருடங்களாக அந்த டிரைவரில் அதிகபட்ச டைம்அவுட் 15 வினாடி என்றுதான் இருந்தது. ஹார்டுவேர் கணக்குப்படி அது சரியான எண். ஆனால் சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) 20 வினாடி, 60 வினாடி என்று அமைத்தவர்களுக்கெல்லாம் பிழை 22தான் கிடைத்தது. கெர்னலின் ஏபிஐ ஆவணத்தைப் படித்தால், ஹார்டுவேர் குட்டை என்பதற்காக இந்தக் கோரிக்கை தோற்க வேண்டியதில்லை.

2016இல் வந்த 4.6 கெர்னலிலேயே கோருக்கு இதைச் சமாளிக்கும் திறமை வந்துவிட்டது. ஹார்டுவேர் ஹார்ட்பீட் உச்சம் என்ற புலம் அதற்காகத்தான். பயனர் கேட்டது அதைவிடப் பெரிதாக இருந்தால், கெர்னலுக்குள் இருக்கும் ஒரு வொர்க்கர் இடையிடையே தானே பிங் செய்து கவுன்டரை நிரப்பிக்கொண்டிருக்கும். பயனர் நிரல் செத்துவிட்டால் வொர்க்கர் சரியான நேரத்தில் கையை எடுத்துவிடும். 60 வினாடி கேட்டிருக்கிறார், ஹார்டுவேர் 16 வினாடி தாங்கும் என்றால், பயனரின் கடைசிப் பிங்கிலிருந்து 44ஆம் வினாடியில் வொர்க்கர் கடைசியாக நிரப்பும். அதன்பின் மிச்சம் 16 வினாடி ஹார்டுவேர் தானாக எண்ணி, 60ஆம் வினாடியில் ரீசெட். பயனர் கேட்டது அப்படியே நடக்கிறது. எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் தனி மரியாதை உண்டு; நடுவில் கெர்னலே முழுசாக உறைந்துபோனால் வொர்க்கரும் ஓடாது, ஹார்டுவேர் 16 வினாடிக்குள் தன் வேலையைக் காட்டிவிடும்.

ராஸ்பெரி பை டிரைவருக்கு இந்த மாற்றம் 2023இல் எழுதப்பட்டது. அதிகபட்ச டைம்அவுட் புலத்தை எடுத்துவிட்டு, அதே ரெஜிஸ்டர் உச்சத்தை மில்லிவினாடியாக மாற்றி ஹார்ட்பீட் உச்சம் புலத்தில் வைப்பது. கணக்குப்படி 15999 மில்லிவினாடி. பார்க்க மிகச் சின்ன மாற்றம்.

உங்கள் டிரைவருக்கும் இதுதான் கேள்வி: நீங்கள் வைத்திருக்கும் எல்லை சிப்பின் எல்லையா, பயனருக்கான எல்லையா? சிப்பின் எல்லை என்றால் அது ஹார்ட்பீட் உச்சத்துக்குப் போக வேண்டும்.

படி 5: எல்லையைத் தளர்த்திய பிறகு ரெஜிஸ்டரில் என்ன எழுதுகிறோம்?

புதியவர்கள் நிற்காமல் கடந்துபோகும் இடம் இது. தயவுசெய்து நில்லுங்கள்.

பழைய எல்லை இருந்தவரை டைம்அவுட் புலத்தில் 15க்கு மேல் எதுவும் வராது. அதனால் ரெஜிஸ்டரில் எழுதும் வரி டைம்அவுட்டை நேராக எடுத்து, 16 பிட் தள்ளி, 20 பிட் மாஸ்க் போட்டு (கீழ் 20 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு) எழுதினால் போதும் என்று இருக்கலாம். எல்லையைத் தளர்த்தியவுடன் அதே வரிக்கு 20ம் வரும், 60ம் வரும். மாஸ்க் மேல் பிட்டுகளைச் சத்தமில்லாமல் வெட்டும். 20 பிட்டில் 16 பிட் டிக்குகளுக்குப் போய்விட்டதால் வினாடிக்கு மிஞ்சுவது 4 பிட். ஆகவே உண்மையில் எழுதப்படுவது, கேட்ட எண்ணை 16ஆல் வகுத்த மீதி.

60 கேட்டால் மீதி 12. வொர்க்கர் 8 வினாடிக்கு ஒருமுறை பிங் செய்வதால் எல்லாம் நன்றாகத் தெரியும், சோதனையில் தேறிவிடும். பயனர் நிரல் செத்தால் மட்டும் 60க்குப் பதில் 56இல் ரீசெட் ஆகும். யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்க மாட்டார்கள். 20 கேட்டால் மீதி 4. பயனர் நிரல் 10 வினாடிக்கு ஒருமுறை ஒழுங்காகப் பிங் செய்துகொண்டிருந்தாலும், அடுத்த பிங் வருவதற்குள் போர்டு ரீசெட் ஆகிவிடும். 16, 32, 48, 64 கேட்டால் மீதி பூஜ்யம். ஒரே டிரைவர், ஒரே போர்டு. 60 போட்டவர் 'நன்றாக ஓடுகிறது' என்பார், 20 போட்டவர் 'போர்டு பழுது' என்பார்.

கோரின் ஆவணம் இதற்கு விதியே சொல்கிறது: ஹார்ட்பீட் உச்சம் கொடுக்கும் டிரைவர், பயனர் கேட்ட டைம்அவுட், ஹார்டுவேர் உச்சம் என்ற இரண்டில் சிறியதைத்தான் ஹார்டுவேரில் எழுத வேண்டும். கெர்னலில் அதற்கு மின் (min) மேக்ரோ இருக்கிறது. இங்கேதான் அந்த அலகு வித்தியாசம் வருகிறது. ஒன்று வினாடி, மற்றது மில்லிவினாடி. நேராக ஒப்பிட்டால் 60ஐயும் 15999ஐயும் ஒப்பிட்டு 60தான் சிறியது என்று முடிவாகும், போட்ட மின்னுக்குப் பலனே இருக்காது. உச்சத்தை 1000ஆல் வகுத்து 15 ஆக்கிவிட்டு ஒப்பிடுங்கள். 15ஐ 16 பிட் தள்ளினால் 983040. 20 பிட்டுக்குள் நிம்மதியாக அடங்கும்.

ரெஜிஸ்டரில் எழுதும் இடம் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஸ்டார்ட், பிங், டைம்அவுட் மாற்றும் கால்பேக் என்று மூன்று இடங்களில் தனித்தனியாக எழுதும் டிரைவர்கள் உண்டு. அப்படி இருந்தால் ஒரு சின்ன ஃபங்ஷனாகப் பிரித்து, மூன்றும் அதையே கூப்பிடும்படி செய்யுங்கள்.

படி 6: சோதனை

முதலில் நிஜ போர்டு வேண்டாம். கெர்னலில் சாஃப்ட்டாக் என்ற மென்பொருள் வாட்ச்டாக் இருக்கிறது. ரீபூட் செய்யாதே என்று சொல்லும் பாராமீட்டரோடு அதை ஏற்றினால், உங்கள் லேப்டாப்பிலேயே கோரின் நடத்தையைப் பழகலாம். அதன் எல்லை 1 முதல் 65535 வரை. அடுத்த கட்டமாக க்யூஎமு என்ற எமுலேட்டரில் இன்டெல் 6300இஎஸ்பி வாட்ச்டாக்கைப் போலி ஹார்டுவேராக வைத்து, நேரம் முடிந்தால் ஒன்றும் செய்யாதே என்று அமைத்துப் பார்க்கலாம்.

நிஜ போர்டில் இறங்கும்போது ஒரு எச்சரிக்கை. வாட்ச்டாக் டிவைஸ் கோப்பைத் திறந்தாலே டைமர் ஓடத் தொடங்கிவிடும். மூடினால் நிற்கும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலான டிரைவர்களில், மூடும் முன் அந்தக் கோப்பில் பெரிய எழுத்து 'வி'யை எழுதினால்தான் நிற்கும். ஒருமுறை தொடங்கியதை நிறுத்த விடாத நோவேஅவுட் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் நிற்காது. திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கெர்னல் மூலத்தின் செல்ஃப்டெஸ்ட் பகுதியில் வாட்ச்டாக்குக்கென்று ஒரு சோதனை நிரல் இருக்கிறது. டைம்அவுட்டை மாற்றலாம், திரும்பப் படிக்கலாம், பிங் இடைவெளியையும் அமைக்கலாம். ராஸ்பெரி பை போன்ற போர்டில் நான் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் எண்கள்: 0, 1, 15, 16, 17, 20, 32, 60, 4294967, 4294968, அப்புறம் மைனஸ் 1. பூஜ்யம் மறுக்கப்பட வேண்டும். 4294967 ஏற்கப்பட்டு 4294968 மறுக்கப்பட வேண்டும். மைனஸ் 1, குறியில்லா எண்ணாக மாறி 4294967295 ஆகிவிடும் என்பதால் அதுவும் மறுக்கப்பட வேண்டும். 16, 17, 20, 32 ஆகியவற்றில் ஒழுங்காகப் பிங் செய்துகொண்டே சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். போர்டு ரீசெட் ஆகக் கூடாது. பிறகு பிங்கை நிறுத்திவிட்டு எத்தனையாவது வினாடியில் ரீசெட் ஆகிறது என்று கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சில் அளந்து பாருங்கள். ஏற்பதும் மறுப்பதும் சரியாக இருந்து, நேரம் மட்டும் தப்பாக இருக்கும் பிழை இப்படி அளந்தால்தான் பிடிபடும்.

படி 7: பேட்ச் அனுப்புவது

எல்லையை மாற்றுவது ஒரு பேட்ச், தேவையில்லாத பழைய சோதனையை நீக்குவது தனிப் பேட்ச். ஆனால் படி 4இன் மாற்றத்தையும் படி 5இன் மாற்றத்தையும் பிரிக்காதீர்கள். முதலாவது மட்டும் போன கெர்னலில் 20 வினாடி கேட்பவரின் போர்டு ரீசெட் ஆகும். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரெஜிஸ்டர் திருத்தம் முதலில் போகட்டும்.

கமிட் செய்தியைப் பயனர் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள்: எந்த போர்டில், எந்த எண்ணைக் கொடுத்தால், என்ன நடந்தது. அடுத்து ஏன். கடைசியில்தான் நீங்கள் செய்தது. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) தேடி, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு ஃபிக்ஸஸ் வரி சேருங்கள். பழைய கெர்னல்களுக்கும் திருத்தம் போய்ச்சேர அந்த வரி உதவும். பேட்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

சோதித்த போர்டின் பெயரைச் செய்தியில் எழுதுங்கள். ஹார்டுவேர் கையில் இல்லாமல் படித்து மட்டுமே திருத்தியிருந்தால், கம்பைல் மட்டும் செய்து பார்த்ததாக அப்படியே எழுதிவிடுங்கள். பராமரிப்பவர்கள் அதற்காக ஒதுக்கமாட்டார்கள். போர்டு வைத்திருக்கும் யாராவது சோதித்துச் சொல்லும்வரை காத்திருப்பார்கள். மாற்றம் கேட்டுப் பதில் வந்தால் இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதினால் அது கமிட் வரலாற்றில் சேராது.